டிவியில் விழுந்த வட்டமும் நான் அணைத்த மினிமேப்பும்

எங்கள் வீட்டு டிவியின் இடது கீழ் மூலையில் ஒரு வட்டம் இருக்கிறது. இருட்டான காட்சி ஓடும்போது தெரியாது. செய்தி சேனலில் பின்னணி மஞ்சளாக வரும்போதோ, கிரிக்கெட் மைதானத்தின் பச்சை திரையை நிறைக்கும்போதோ, அழுக்குப் படிந்த மாதிரி லேசாக எழுந்து வரும். அதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர், "டேய், இந்தப் பொண்ணு புடவையில என்னடா வட்டமா தெரியுது?" என்றார். ஈரத்துணியை எடுத்துத் துடைத்தும் பார்த்துவிட்டார். துடைத்தால் போகாது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த வட்டத்தை நான் நானூறு மணி நேரத்துக்கு மேல் முறைத்துப் பார்த்திருக்கிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற வீடியோ கேமில் வழி காட்டும் குட்டி வரைபடம், மினிமேப் அது. உற்றுப் பார்த்தால் அதைச் சுற்றி இருக்கும் உடல்நிலை, மூச்சு, குதிரை எல்லாவற்றுக்குமான குட்டி வட்டங்கள்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

ஓஎல்இடி டிவியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி விடுகிறது, அதனால் தானே தேய்கிறது. ஒரே இடத்தில் ஒரே வெள்ளைக் குறி மாதக்கணக்கில் எரிந்தால் அந்த இடத்துப் பிக்சல்கள் மட்டும் பக்கத்துக்காரர்களைவிட முன்னால் வயதாகிவிடும். பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்து விளையாடியது நான்தான், டிவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று இரவு டிவியைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கேமில் மினிமேப்பை அணைத்தேன். கேம் இன்னும் நிஜமாக இருக்கும், அதற்குள்ளேயே மூழ்கலாம் என்றெல்லாம் எனக்கு எந்த ஆசையும் இருக்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மினிமேப், உயிர்க்கோடு, தோட்டா எண்ணிக்கை, மஞ்சள் அம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹெட்-அப் டிஸ்ப்ளே, சுருக்கமாக ஹட் என்று பெயர். போர் விமானத்திலிருந்து வந்த சொல். விமானி தலையைக் குனிந்து மீட்டர்களைப் பார்க்க வேண்டாம், முன்னால் இருக்கும் கண்ணாடியிலேயே எண்கள் தெரியட்டும் என்று செய்த ஏற்பாடு. கண்ணை வெளியே வைப்பதற்காக வந்த அதே பொருள் என் கண்ணை ஒரு மூலையில் கட்டிப் போட்டிருந்தது என்பது அணைத்த பிறகுதான் புரிந்தது.

முதல் இரவு படுதோல்வி. ரெட் டெட் 2-இல் கன்ட்ரோலரின் டி-பேடை, அதாவது திசைப் பட்டனை, கீழ்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால் ரேடார் என்று அவர்கள் சொல்லும் இந்த மினிமேப்பைப் பெரிதாக்கலாம், வெறும் திசைகாட்டியாக மாற்றலாம், முழுக்க அணைக்கவும் செய்யலாம். முழுக்க அணைத்தேன். வாலன்டைன் ஊரிலிருந்து எங்கள் கும்பலின் முகாம் இருக்கும் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக்குக்குப் போக வேண்டும், கூப்பிடு தூரம், அதுவரை ஒரு ஐம்பது தடவையாவது போய் வந்திருப்பேன். வழி தெரியவில்லை. சுத்தமாகத் தெரியவில்லை. அந்த ஐம்பது தடவையும் நான் சாலையைப் பார்க்கவே இல்லை, வட்டத்துக்குள் ஓடும் சிவப்புக் கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடம் சுற்றி, ஊருக்குள்ளேயே திரும்பி வந்து, தெருவில் ஒருவர் மேல் குதிரையை ஏற்றி, அது குற்றமாகப் பதிவாகி, என்னைத் தேடி ஆள் வருகிறார்கள் என்பதே தெரியாமல் கடை வாசலில் நிதானமாக நின்றிருந்தேன். முதுகில் குண்டு பட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மினிமேப் இருந்திருந்தால் சிவப்புப் புள்ளிகள் கிளம்பும்போதே ஓடியிருப்பேன்.

ஒரு வாரம் போனதும் நிலைமை மாறியது. தண்டவாளம் எந்தப் பக்கமாகப் போகிறது, டகோட்டா ஆறு எந்தப் பக்கம், சாலை பிரியும் இடத்தில் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, காலையில் சூரியன் எந்த மலைக்கு மேலே வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். தண்டவாளத்தைப் பிடித்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷன் வந்தே தீரும். ஆற்றைப் பிடித்தாலும் தொலைய முடியாது. என் முதல் பாடம் இவ்வளவுதான்: கிளம்பும் முன் பெரிய மேப்பை ஒருமுறை திறந்து, வழியில் வரப்போகிற மூன்று விஷயங்களை மட்டும் மனதில் போட்டுக்கொண்டு மூடிவிடுவது. பாலம், பிரிவு, குன்று. மூன்றுக்கு மேல் வைத்தால் எனக்கு நிற்கவில்லை. வழியில் மறுபடி திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன், ரொம்ப முட்டிக்கொண்டால் மட்டும் குதிரையை விட்டு இறங்கி நின்று பார்ப்பேன்.

உடம்புக் கணக்கும் அப்படியே. அந்த வட்டங்கள் இல்லாமல் கேமின் நாயகன் ஆர்தர் மார்கனுக்கு என்ன ஆகிறது என்று எப்படித் தெரியும் என்று நினைத்தேன். தெரிகிறது. குளிரில் நடுங்குகிறான், ஓடி ஓடி மூச்சு வாங்குகிறான், பல நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் கன்னம் ஒட்டிப் போகிறது. துப்பாக்கி அழுக்கானால் இரும்பில் தெரிகிறது. குதிரை களைத்தால் மூச்சிரைக்கும் சத்தம் மாறுகிறது, அதையும் மீறி உதைத்து விரட்டினால் நம்மைக் கீழே தள்ளிவிடும். இவ்வளவையும் செய்து வைத்தவர்கள் அதற்கு மேலே வட்டத்தையும் எதற்குப் போட்டார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. அப்புறம் ஒரு மிஷனில் வழி மாறி கொஞ்சம் அந்தப் பக்கம் போனதற்கு "தோல்வி" என்று வந்ததும் பதில் கிடைத்தது. இந்த கேமின் ஊர் சுற்றும் பாதி ஹட் இல்லாமல் பிரமாதமாக ஓடும். மிஷன் பாதி அப்படியில்லை, அவர்கள் கிழித்த கோட்டிலிருந்து விலகினால் மன்னிக்காது. எனவே மிஷனுக்குத் திசைகாட்டி மட்டும், மற்ற நேரத்தில் எதுவும் இல்லை என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தேன். சுத்தமாக எதுவுமே இல்லாமல்தான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்து எரிச்சலாகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வீம்பு தேவையே இல்லை.

அந்த கேமிலேயே புதையல் வரைபடங்கள் உண்டு. ஜாக் ஹால் கும்பலின் வரைபடத்தில் அம்பு கிடையாது, ஆயத்தொலைவு கிடையாது, பென்சில் படம்தான். படத்தில் இருக்கும் பாறை எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ஹட்டோடு விளையாடிய காலத்தில் அதை நான் நெட்டில் பார்த்துத்தான் எடுத்தேன். இரண்டாவது முறை, வட்டம் விழுந்த பிறகு, எதையும் பார்க்காமல் எடுத்தேன். முதல் படத்தில் இருக்கும் கேலிபன்ஸ் சீட் பாறையை நான் வேறு வேலையாகப் போகும்போது கீழே இருந்து பல தடவை பார்த்திருந்தேன், அதனால் படத்தைத் திறந்ததும் "அட, இது அங்கே இல்ல?" என்று வந்துவிட்டது. அடுத்தது வெந்நீர் ஊற்றுகள் பொங்கும் கொட்டோரா ஸ்பிரிங்ஸ், அதுவும் சிரமமில்லை. கடைசியில் கிடைத்தது இரண்டு தங்கக் கட்டி. நானூறு மணி நேரத்தில் கேம் கொடுத்த எந்தப் பரிசும் அவ்வளவு இனிக்கவில்லை.

இதற்குப் பிறகுதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஹட் இல்லாத கேமாகத் தேடித் தேடி ஆடினேன், ஹட் இருக்கும் கேமிலெல்லாம் அணைத்து ஆடினேன். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது என்பது பட்டுத்தான் தெரிந்தது.

டெட் ஸ்பேஸ் 2008-இல் வந்தது. இஷிமுரா என்ற சுரங்கக் கப்பலுக்குள் ஐசக் என்ற இன்ஜினியராக நடக்க வேண்டும். திரையில் ஓர் எண்கூட ஒட்டி வைக்கவில்லை, எல்லாம் அவன் மேலேயே இருக்கிறது. முதுகெலும்பு நெடுக நீலமாக எரியும் விளக்குதான் உயிர், அடிபட்டால் கணு கணுவாக அணைகிறது. துப்பாக்கியை நீட்டினால் அதன் மேலேயே தோட்டா எண்ணிக்கை ஒளியாக மிதக்கும். வழி தெரியாவிட்டால் ஒரு பட்டனுக்குத் தரையில் ஒளிக்கோடு ஓடும். பையைத் திறந்தால் கேம் நிற்காது, அவன் முன்னால் காற்றில் ஒரு திரை விரியும், நாம் மருந்து தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஏதாவது வந்து கடிக்கும். எனக்கு நடந்தது, கன்ட்ரோலரைக் கீழே போட்டேன், அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டார். பாடம்: கதவைத் தாண்டியதும், சுவரில் முதுகைக் கொடுத்து, அதன்பிறகுதான் பை.

மெட்ரோ வரிசையில் தகவல் கையில் இருக்கிறது. 2013-இல் வந்த மெட்ரோ லாஸ்ட் லைட்டில் வாயுமுகமூடியின் வடிகட்டி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை மணிக்கட்டில் கட்டிய கடிகாரம்தான் சொல்லும், நாம் வெளிச்சத்தில் நின்றால் அதிலேயே ஒரு நீல விளக்கும் எரியும். முகமூடியில் ரத்தமும் தண்ணீரும் தெறித்தால் கையால் துடைத்துக்கொள்ள வேண்டும். டார்ச் மங்கினால் ஒரு கைச் சார்ஜரை எடுத்துப் பம்பு அடிக்க வேண்டும். கடினமான ரேஞ்சர் முறையில் திரையில் இருக்கும் மிச்ச சொச்சமும் போய்விடும். அங்கே நான் தோட்டாவை வாய்விட்டு எண்ணப் பழகினேன், எண்ணிக்கையில் ஏமாந்து காலித் துப்பாக்கியை நீட்டியபடி செத்ததும் பல முறை. அந்த உலகத்தில் பாஸ்டர்ட் என்று ஒரு மட்டமான துப்பாக்கி உண்டு, ஆனால் சுடச் சுட அதன் தோட்டாச் சட்டம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே வரும். எத்தனை மிச்சம் என்று கண்ணாலேயே தெரியும். ஹட் இல்லாத முறையில் எனக்கு அதுதான் பிடித்த துப்பாக்கி. ஹட் இருந்திருந்தால் அதைக் கையால் தொட்டிருக்க மாட்டேன்.

2008-இல் வந்த ஃபார் க்ரை 2 இன்னொரு ரகம். மேப் என்பது அதில் நிஜமாகவே கையில் பிடிக்கும் காகிதம். ஜீப் ஓட்டிக்கொண்டே அதைப் பார்க்கலாம், பார்த்தால் மரத்தில் இடிக்கலாம். துப்பாக்கி பழசானால் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். இந்த மூன்று கேமிலும் ஹட் இல்லை என்று சொல்வதே ஒரு விதத்தில் தப்பு. தகவல் முழுக்க இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது.

இதை மறந்துவிட்டு நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஸ்கைரிம். 2011-இல் வந்தது, எனக்குப் பிடித்த கேம், அதில் மேலே இருக்கும் திசைகாட்டியையும் அதன் குறிகளையும் நீக்கிவிட்டு ஆரம்பித்தேன். முதல் நாள் ஜாலி. இரண்டாம் நாள் ஒருவர், இன்ன குகையில் என் பொருள் இருக்கிறது, கொண்டு வா என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்தால் அதிலும் அந்தக் குகைக்குப் போ என்று ஒரே வரி. குறி இருக்கும், அது காட்டிவிடும் என்ற நம்பிக்கையில் எழுதிய வசனம் அது. உலகம் அழகாக இருக்கிறது, ஆனால் வழி கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதே வரிசையில் 2002-இல் வந்த மொரோவிண்டைப் பிறகு ஆடிப் பார்த்தேன், அதில் குறியே கிடையாது. பால்மோரா என்ற ஊரில் முதல் வேலை கொடுக்கும்போதே, ஊரை விட்டு வெளியே போய் மூன்மோத் கோட்டையைத் தாண்டு, பழைய டுவெமர் பாலம் வரும், அதைக் கட என்று வழியைச் சொல்லி அனுப்புகிறார்கள். நம் ஊரில் டீக்கடையில் வழி கேட்டால் சொல்வார்களே, அதே பாணி. சில நேரம் சொன்ன வழியே தப்பாகவும் இருக்கும், அதுவும் நம் டீக்கடை மாதிரிதான்.

ஆகவே இப்போது எந்த கேமிலும் ஹட்டை அணைக்கும் முன் ஒரு சோதனை வைக்கிறேன். முதல் இரண்டு மணி நேரம் எல்லாம் எரியட்டும். அந்த நேரத்தில் வேலை கொடுப்பவர் வாய்திறந்து திசை சொல்கிறாரா, சாலையில் படிக்க முடிகிற பலகை இருக்கிறதா, அடிபட்டால் உடம்பிலோ சத்தத்திலோ தெரிகிறதா என்று கவனிப்பேன். மூன்றில் இரண்டு இருந்தால் அணைக்கலாம். அணைப்பதிலும் வரிசை உண்டு. முதலில் மினிமேப், ஒரு வாரம். பிறகு மிஷன் குறி. குறிபார்க்கும் நடுப்புள்ளி அதற்குப் பிறகு. உயிர்க்கோடு கடைசி, அதையும் கேம் உடம்பில் காட்டினால் மட்டும். சில கேம்களே இந்த வேலையைப் பாதி செய்து வைத்திருக்கின்றன: செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டில் ப்ரோ என்று ஒரு தேர்வு உண்டு, இதயங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தூக்கிவிடும். கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேலே தள்ளினால் போக வேண்டிய திசையில் காற்று வீசும், புல்லெல்லாம் அந்தப் பக்கம் சாயும். அழகுதான், ஆனால் எனக்கு அதுவும் அம்பு மாதிரியே ஆகிப்போனது, புல்லைப் பார்த்துக்கொண்டே குதிரையை விட்டேன். ஆன்லைனில் பத்து பேரோடு மோதும் கேமில் இதெல்லாம் வேண்டாம், எதிரிக்குத் தெரிவது நமக்குத் தெரியாவிட்டால் நாம் வெறும் இலக்குதான்.

நான் ஆடியதிலேயே கடினமானது கிங்டம் கம்: டெலிவரன்ஸ், அதில் ஹார்ட்கோர் முறை. 1403-ஆம் ஆண்டின் பொஹிமியா, இன்றைய செக் நாட்டில் நிஜமாக இருக்கும் ஊர்களைப் பார்த்துக் கட்டிய நிலம். ஹார்ட்கோரில் மேப் இருக்கும், நீங்கள் அதில் எங்கே நிற்கிறீர்கள் என்ற புள்ளி இருக்காது. திசைகாட்டியில் வடக்கு தெற்கு எழுதியிருக்காது. நினைத்த ஊருக்குச் சட்டென்று தாவவும் முடியாது. காட்டுக்குள் மூன்று இரவு தொலைந்தேன். பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அம்மாவிடம் வாங்கி, பின்பக்கத்தில் நானே படம் போட ஆரம்பித்தேன்: இந்தச் சிலுவைக்கல், அடுத்து பட்டுப்போன மரம், இடது பக்கம் ஓடை. ராட்டாய் ஊரிலிருந்து சாசாவ் போவதற்கு ஆற்றை விட்டு விலகாமல் இருந்தாலே போதும் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு தாள் செலவானது. தொலைந்தால் செய்ய வேண்டியதை அங்கேதான் கற்றேன்: நின்றுவிடுவது. ஓடிக்கொண்டே வழி தேடினால் தொலைவு கூடும். நின்று, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி நடந்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பது.

இதையெல்லாம் சொல்லி என் சித்தி மகனையும் இதற்கு இழுக்கப் பார்த்தேன். அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு காது கேட்காது, இன்னொன்றில் மெஷின். இரண்டு நாள் ஆடிவிட்டு, "அண்ணா, உனக்கு இது வேற மாதிரி, எனக்கு வேற மாதிரி" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. குதிரையின் மூச்சு, பின்னால் வரும் காலடி, முகமூடிக்குள் இரையும் காற்று என்று நான் மெச்சியதில் பாதி சத்தம். ஹெல்பிளேட் என்ற கேமில், முதுகுக்குப் பின்னால் எதிரி ஓங்கும்போது நாயகி செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்கள்தான் எச்சரிக்கை. நான் ஹெட்போனில் கேட்டுச் சிலிர்த்த இடம் அது, அவன் செத்துச் செத்து வெறுத்த இடமும் அதுதான். அவனுக்குத் திரையில் வரும் அந்த அம்புதான் காது. 2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தில் இப்படிப்பட்டவர்களுக்காகவே அறுபதுக்கும் மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன, அதைத்தான் அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஹட் வைத்து ஆடுபவரெல்லாம் சோம்பேறி என்று அதுவரை நான் பேசியதை எங்காவது யாராவது ஞாபகம் வைத்திருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சத்தத்தை நம்பி ஆடுவதென்றால் ஹெட்போன் வேண்டும், ஹெட்போன் போட்டால் வீட்டில் கூப்பிடுவது கேட்காது. குக்கர் மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணை என்று சொல்லிவிட்டு அம்மா கோயிலுக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை, பருப்பு என்ன ஆனது என்று விவரிக்க விரும்பவில்லை.

டிவியில் வட்டம் பெரிதாகவில்லை, மறையவும் இல்லை. டிவியிலேயே இருக்கும் பிக்சல் சரிசெய்யும் வசதியை ஓட்டிப் பார்த்ததில் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். போன மே மாத விடுமுறைக்கு அண்ணன் மகன் வந்திருந்தான், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன். ரெட் டெட் 2 போடு சித்தப்பா என்றான், போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் வாலன்டைனைச் சுற்றிச் சுற்றி வந்தான். "மேப் எங்க சித்தப்பா? எப்படி இத விளையாடுற?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவனே டி-பேடை அழுத்தி ரேடாரைக் கொண்டுவந்தான். அது நேராகப் போய்ப் பழைய தழும்பின் மேல் அச்சுக் குத்தினாற்போல உட்கார்ந்தது, ஓரம்கூட விலகவில்லை. சோபாவில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கறை போயிடுச்சே," என்றார், "என்னடா பண்ண?"